படையலன்று போன கிட்டார்

அந்த நண்பகலில் நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வெளியே, மாமரத்தடியில், வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தோம். முன்கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் அண்ணன் சந்திரனுக்கு முதல் வருஷப் படையல் போட்டிருந்தது.

படையல் போட்ட பிறகு வீட்டுக்குள் ஓர் ஆள் இருக்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம். நாம் பார்த்துக்கொண்டு நின்றால் போனவர்கள் கூச்சப்பட்டுச் சாப்பிட மாட்டார்களாம். முன்கதவைச் சாத்த வேண்டும். பின்கதவைத் தாழ் போடாமல் ஒருக்களித்து வைக்க வேண்டும். வருகிறவர்களுக்கு வழி வேண்டுமே. ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம்வரை காத்திருந்து, கதவைத் தட்டி, தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சாப்பிடுகிறவர்கள் எழுந்து கை கழுவ அவகாசம் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் அன்று நல்ல வெயில். அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவிடுக்கு வழியாக நண்டுக் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த எனக்கு, அண்ணன் நினைவோடு பசியும் சேர்ந்து வயிற்றைப் பிசைந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பாண்டு கோஷ்டியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு செமாபோக்கிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'உங்கள் மடியில் எப்போதும் இருக்குமே, அந்தக் கறுத்த கிட்டார், அது யார் கொடுத்தது?' யாரும் கொடுக்கவில்லை ஐயா. ஒன்று போனது, இன்னொன்று வந்தது. போனதைச் சொல்லாமல் வந்ததைச் சொல்ல முடியாது. போனதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக மனம் வரவில்லை.

சோறு கிடையாது

அப்பா ரோடு போடுகிற வேலையில் மண்டோர், அதாவது மேஸ்திரி. தாரும் ஜல்லியும் கூலிகளும் அவர் சொன்னபடி கேட்கும். பெற்ற பிள்ளை மட்டும் கேட்கவில்லை. அலைந்து திரிந்து, பெரிய துரையின் காலில் விழாத குறையாக, அண்ணனுக்கு ஓர் ஆபீஸ் வேலை வாங்கிக் கொடுத்தார். அண்ணன் சில மாதம் போனான். பிறகு ஒருநாள், கேளிக்கைப் பூங்காவின் ஜோகெட் நடன மேடையில் கிட்டார் வாசிக்கப் போவதாகச் சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

அப்பா கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது."

எந்த வீட்டில்தான் அப்பன்மார் இப்படிச் சொல்லவில்லை? சாயங்காலம் சொல்லுவார்கள், ராத்திரி அம்மா தட்டு வைப்பாள், எல்லாம் சரியாகிவிடும். எங்கள் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டான். அப்பாவுக்குப் பிறந்தவன் அல்லவா!

செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்த நண்பன் தேவராஜுவின் வீட்டில் தங்கிக்கொண்டான். அம்மாவைப் பார்க்க வருவான். வாசலில் நின்று பேசுவான். தண்ணீர் கொடுத்தால் குடிப்பான். ஒரு பருக்கை தொடமாட்டான். அம்மா அழுவாள், திட்டுவாள், தட்டோடு தெரு முனைவரைக்கும் பின்னால் போவாள். அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். 'வந்து தின்னுட்டுப் போடா' என்ற ஒரு சொல் அவர் வாயில் இருந்தது. வெளியேதான் வரவில்லை.

ஒரு தடவை அம்மா அண்ணனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், அழுகையில் எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் கரிப்பெட்டியை அவன் பக்கத்தில் கிடத்தியிருந்த கிட்டாரின் மேல் வைத்துவிட்டாள். பலகையில் முக்கோணமாகக் கருகிப்போயிற்று. அண்ணன் சிரித்தான். "நல்ல பொட்டு வெச்சீங்கம்மா" என்றான்.

பிறகு அவனுக்கு நெஞ்சு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடைசியில் ஒருநாள் அப்பா தானாகவே தூக்குச் சட்டியில் சோறும் மீனும் எடுத்துக்கொண்டு போனார். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அப்போது எச்சில்கூட விழுங்க முடியாத நிலை. சட்டி போனபடியே திரும்பி வந்தது. குழாயடியில் உட்கார்ந்து அப்பா அதை வெகு நேரம் கழுவினார். மறுநாள் அண்ணன் போய்விட்டான்.

அதன்பிறகு அப்பா சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. ஒட்டுக்கடையில் கோப்பி, நனைத்துத் தின்ன ரொட்டி. வீட்டில் தட்டைப் போட்டால் பிசைவார், எழுந்துவிடுவார். மலை மாதிரி இருந்த மனிதரின் சட்டைக்குள் காற்று புகுந்து ஆடியது.

ஒரு தந்தி அதிர்ந்தது

படையலுக்கு வருவோம். வாத்தியங்களை எல்லாம் இலைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று சொன்னவன் தேவராஜு. அவன் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டிலும் போனவர்களுக்குப் படைக்கிற வழக்கம் உண்டு. தமிழ் புரியும், பேச்செல்லாம் மலாயில்தான். பாண்டில் வயலின் அவனுடையது. அவன் பாஷையில் பியோலா.

ஆகவே அண்ணனின் படத்துக்குக் கீழே அவனுடைய கிட்டார், பக்கத்தில் பியோலா, என் மேண்டலின், இரவல் வாங்கிய அக்கார்டியன் என்று வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தோம். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இலையில் நண்டு, பொரித்த மீன், கத்தரிக்காய், மோர்மிளகாய். ஓரத்தில் ஒரு புட்டி கறுப்பு பீர். அம்மா சோறு வைக்கப் போனபோது அப்பா எழுந்து வந்து அவள் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டார். மூன்று அகப்பை அள்ளி அவர் கையாலேயே வைத்தார்.

மாமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. கிட்டாரின் தடித்த தந்தி. எனக்கு அந்தத் தந்தியைத் தெரியும். பிறகு எல்லாத் தந்திகளும் சேர்ந்தாற்போல் ஓர் இழுப்பு. பிறகு ஒன்றும் இல்லை.

தேவராஜு என் கையை இறுகப் பிடித்தான்.

"டியா டத்தாங்" என்றான். அவன் வந்துவிட்டான் என்று சொல்கிறான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பெரிய அறிவாளி மாதிரி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்போது நானும்தான் நம்பினேன். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போய்ப் பார்ப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் போயிருக்க மாட்டோம். சாப்பிடுகிறவனை யாராவது எழுப்புவார்களா? நேரம் ஆனதும் அம்மா வழக்கம்போலக் கதவைத் தட்டினாள், கனைத்தாள், இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். ஒரு திருடனுக்கு இதைவிட மரியாதை மலாக்காவில் எந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

யார் மேல் கேஸு?

முதலில் உள்ளே போனவர் அப்பா. இலைக்கு முன்னால் மண்டியிட்டார். சோறு காலி. நண்டின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. மீன் முள்ளும் மோர்மிளகாய்க் காம்புகளும் இலையோரத்தில் இருந்தன. பீர்ப் புட்டியில் பாதி இறங்கியிருந்தது.

"சாப்ட்டுட்டாண்டி" என்றார் அப்பா. "நான் போட்ட சோத்தச் சாப்ட்டுட்டாண்டி எம்புள்ள. எலையப் பாருடி."

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். சவ ஊர்வலத்தில்கூட அழாத மனிதர், எச்சில் இலையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். எனக்குத் தாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் சுவர் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது.

"பியோலா!" என்று தேவராஜு கத்தினான்.

கிட்டார் இல்லை. மேண்டலின் இல்லை. அக்கார்டியன் இல்லை. பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. கொல்லை மண்ணில் செருப்புத் தடம் வேலிவரைக்கும் போயிருந்தது. பேய்க்குச் செருப்பு எதற்கு? என் சிலிர்ப்பெல்லாம் ஒரு நொடியில் ஆறிப்போயிற்று. ஒருவன் உட்கார்ந்து தின்றிருக்கிறான், இன்னொருவன் சாமானைத் தூக்கியிருக்கிறான்.

"போலீசுக்குப் போறேன்" என்று கிளம்பினேன்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு மேலடா கேஸு குடுப்ப? அண்ணன் மேலயா? அவன் சாமான அவன் எடுத்துட்டுப் போனான்."

"பியோலாவுமாம்மா?"

"கூட வாசிக்க ஆளு வேணாமா அவனுக்கு?"

தேவராஜுவின் முகம் வெளுத்துவிட்டது. பியோலாவைக் கொண்டுபோனவன் அடுத்து வாசிக்கிறவனையும் கூப்பிட்டால் என்ன செய்வது? மறுநாள் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான்.

நான் போலீசுக்குப் போகவில்லை. அம்மா அவ்வளவு உறுதியாக நின்றாள். மகன் வந்து போனான் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதையும் பிடுங்க வேண்டாம் என்று எண்ணினேன். என்னால் முடிந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. மூடிக்கொண்டேன்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இருந்ததை வைத்து

அது மெர்டேக்கா நெருங்கிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு தோரணம் கட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விருந்து, கூட்டம், கலைநிகழ்ச்சி என்று எங்கள் பாண்டுக்கு அழைப்புமேல் அழைப்பு. நாடே விடுதலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது, எங்கள் கையில் ஓர் ஊதல்கூட இல்லை.

முதலில் ஆர்மோனியம் கிடைத்தது. பஜனை மடத்தில் சும்மா கிடந்தது. இரண்டு கட்டைகள் அமுக்கினால் எழும்பாது. அவற்றைத் தொடாத மெட்டாகப் பார்த்து வாசித்தோம். ஊருக்குத் திரும்புகிற ஒரு சிலோன்கார ஆபீஸ் கிராணி தன் வயலினைத் தேவராஜுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதை ஒரு வாரம் சாமி படத்துக்கு அடியில் வைத்திருந்து, பிறகுதான் தொட்டான்.

கிட்டார்தான் கிடைக்கவில்லை. அண்ணன் போன பிறகு மேண்டலினை விட்டுக் கிட்டாருக்கு மாறியிருந்தவன் நான். ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணனுடைய கிட்டார் எனக்கு ஒருநாளும் வசப்படவில்லை. தந்திகளைத் தூக்கி, தன் விரலுக்குத் தகுந்தபடி அவன் முறுக்கி வைத்திருந்தான். நான் அமுக்கினால் விரல் நுனி கிழியும், சுரம் ஒரு பக்கமாக இழுக்கும். அதை மாற்றி அமைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஒரு வருஷமும் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

இதற்கிடையில் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "எம்மவன் வந்து சாப்ட்டுட்டுப் போனான் தெரியுமா" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒட்டுக்கடையில் ஒருவன் மட்டும், "தின்னது திருடன்லா மண்டோரே" என்று சிரித்துவிட்டான். அப்பா கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அன்று இரவு தட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். அம்மா அந்த ஆள் காதில் விழும்படி தெருவில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

துரைமார் விட்டுப்போனவை

ஆற்றோரச் சந்து ஒன்றில் பழைய சாமான் கடை. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தது. நாய்ச் சங்கிலி, தொப்பி மாட்டுகிற மரம், குழந்தைத் தொட்டில், துரைசாணியின் குதிரைச் சவாரிப் பூட்சு. அங்கே கிட்டார் தொங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். அம்மா சீட்டுப் பணம் எடுத்திருந்தாள். நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

உள்ளே இருட்டு. கர்ப்பூர வாசனையும் எலிப் புழுக்கை வாசனையும். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற சீன முதலாளி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் கிட்டார்கள் தொங்கின. கண் பழகியதும் நான் முதலில் பார்த்தது அந்த முக்கோணக் கருகலை.

அண்ணனுடைய கிட்டார். புதுத் தந்தி போட்டு, துடைத்து, மெருகேற்றி மாட்டியிருந்தார்கள். குங்குமப் பொட்டைக்கூடத் துடைத்துவிட்டார்கள். இஸ்திரிச் சூட்டை மட்டும் எந்த மெருகும் மறைக்கவில்லை.

அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னே வந்தாள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

தவுக்கே எழுந்து வந்தார். "மாவ் இனி?" இதுவா வேண்டும் என்று கேட்டு, எடுக்கக் கையைத் தூக்கினார்.

"தா மாவ்" என்றாள் அம்மா. வேண்டாம். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "வேற ஏதாச்சும் பாருடா."

மூலையில் ஒரு நாற்காலி மேல் கறுத்த, சிறிய உடம்புள்ள கிட்டார் ஒன்று கிடந்தது. எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போனதாம். என்ன செய்கிறேன் என்று தெரியாமல்தான் அதை எடுத்து மடியில் வைத்தேன். விரலை வைத்து மீட்டினேன்.

எப்படிச் சொல்வது? அமுக்கினால் அமுங்கியது. கேட்ட சுரத்தைக் கேட்ட இடத்தில் கொடுத்தது. சத்தம் பெரிதில்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த சத்தம். கை தானாக அடுத்த இடத்துக்குப் போயிற்று. அண்ணனின் கிட்டார் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்க, எனக்கு இந்தக் கிட்டார் பிடித்துவிட்டது. சந்தோஷமும் வேதனையும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாந்தி வருகிறாற்போல் இருக்கும்.

"புடிச்சிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்."

"எடுத்துக்க."

ரிக்‌ஷாவில்

பாலம் தாண்டும்வரை அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றிலிருந்து சேற்று நாற்றம் வந்தது.

"அந்தச் சுவத்துல இருந்தது..." என்று நானே ஆரம்பித்தேன்.

"நான் வெச்ச சூடு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா வேணாம்னீங்க? எப்படியாச்சும் வாங்கியிருக்கலாம்ல?"

"வாங்கி? வீட்டுல கொண்டாந்து வெச்சி, அப்பாகிட்ட என்னான்னு சொல்றது? அவன் எடுத்துட்டுப் போனது கடையில தொங்குச்சின்னா?"

"நீங்கதானம்மா அண்ணன் வந்தான்னு அடிச்சிச் சொன்னீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். இவ்வளவு மக்கா நீ என்று அந்தப் பார்வை கேட்டது.

"கதவத் தொறந்தப்பவே தெரியும்டா. காம்ப மட்டும் மிச்சம் வெச்சி முறைக்குப் போட்ட மோர்மொளகா அத்தனையும் தின்னுருக்கான். ஒங்கண்ணன் என்னிக்கு மோர்மொளகாயத் தொட்டான்? அவன் வாய் தாங்குமா?" தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "ஆனா ஒங்கப்பா அந்த எலைய எப்படிப் புடிச்சிருந்தாருன்னு பாத்தல்ல. அவர் போட்ட சோறுடா அது. எந்த நாயோ தின்னுட்டுப் போச்சின்னு நான் எந்த வாயால சொல்வேன்? அன்னிக்கி நீ போலீசுக்குப் போயிருந்தா, அடுத்த எலை அவருக்குத்தான் போட்டிருக்கணும்."

நான் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளோ எங்கள் எல்லோரையும் தள்ளி வைத்துவிட்டு ஒற்றை ஆளாக அப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். மகன் வந்தான் என்ற ஆறுதல் அவளுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. எல்லாரையும் நம்பவைத்தவள் நம்பாதவளாகவே இருந்துவிட்டாள்.

"எம்புள்ள தொட்ட மரம்" என்றாள். "தொங்கட்டும் போ."

அதற்குப் பிறகுதான் அழுதாள். ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக மிதித்தார்.

அப்பா கேட்டது

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். விளக்கேற்றுகிற நேரம். அம்மா முகத்தைக் காட்டாமல் நேராகச் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

"என்னா வாங்குன? காட்டு" என்றார்.

வாத்தியம் என்றாலே பல்லைக் கடிக்கிற மனிதர். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரோடு போட்ட கை, தாரின் கறை நகக்கண்ணில் இருந்தது. பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு. வாசி."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை. ஏதோ ஒரு ஜோகெட் மெட்டை மெதுவாக வாசித்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அடுத்த வருசம் படையலுக்கு அவன் வருவான்ல" என்றார். "வந்து இதையும் கேட்டான்னா, குடுத்துடுப்பா. இல்லன்னு சொல்லிடாத. ஒனக்கு நான் வேற வாங்கித் தரேன்."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சரிப்பா" என்றேன்.